பழைய பிளேனார் ஸ்பீக்கர்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

பெட்டி இல்லாமல், பலகை போலத் தட்டையான பேனலே பாடும் ஸ்பீக்கர்தான் பிளேனார். பழைய பிளேனார் ஒன்று விலைக்கு வரும்போது, பெரும்பாலும் கூடவே ஒரு வாக்கியமும் வரும்: "ஒரு பக்கம் சரியாகப் பாடாது, பேனல் போய்விட்டது என்று நினைக்கிறேன்." அதை நம்பி வாங்காமல் திரும்பி வரவும் வேண்டாம், வாங்கி வந்த கையோடு பேனலைப் பிரிக்கவும் வேண்டாம். நான் பார்த்தவரை பேனலே கெட்டிருப்பது கடைசிக் காரணம். அதற்கு முன்னால் அறை, ஒயர், ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஃபியூஸ், மின்சப்ளை என்று ஐந்து காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையை மதித்துத் தேடினால் செலவு குறையும். அதைவிட முக்கியம், நல்ல பேனலை நம் கையாலேயே கிழித்துவிடும் ஆபத்தும் குறையும்.

உங்களுடையது எந்த வகை

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே உள்ள எதையும் செய்யக் கூடாது. ஏனென்றால் ஒரு வகையில் தைரியமாகத் தொடக்கூடிய இடம், இன்னொரு வகையில் உயிருக்கு ஆபத்தான இடம்.

முதல் வகை காந்த பிளேனார். மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் கம்பியை வரிவரியாக ஒட்டி, துளை போட்ட இரும்புத் தகட்டில் காந்தப் பட்டைகளை வரிசையாக வைத்து, இரண்டையும் அருகருகே நிறுத்தியிருப்பார்கள். ஆம்ப்பிலிருந்து வரும் மின்சாரம் கம்பியில் ஓடும்போது படலம் மொத்தமும் அசைந்து பாடும். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் ஒயிட் பேர் லேக்கில் ஜிம் வைனி 1969-இல் தொடங்கிய மேக்னபேன் இதற்குப் பேர்போனது. இதைச் சுவர் பிளக்கில் செருக வேண்டியதில்லை. பின்னால் ஒயர் மாட்டும் இடமும் ஒன்றிரண்டு ஃபியூஸும் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது எலெக்ட்ரோஸ்டாட்டிக். இதில் படலத்தில் கம்பி கிடையாது. படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றி வைத்து, இரண்டு பக்கமும் உள்ள துளைத் தகடுகளுக்கு இசையின் மின்னழுத்தத்தைக் கொடுப்பார்கள். இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கர் உருவாக்கி 1957-இல் விற்பனைக்கு வந்த குவாட் இஎஸ்எல்தான் இந்த வகைக்கே முகம். இன்று அதை இஎஸ்எல்-57 என்று சொல்கிறார்கள். 1981-இல் இஎஸ்எல்-63 வந்தது. அக்கோஸ்டாட், மார்ட்டின் லோகன் எல்லாம் இதே குடும்பம். இவற்றைச் சுவர் பிளக்கில் செருகியாக வேண்டும்.

மூன்றாவது ரிப்பன். நெளிநெளியாக மடித்த அலுமினியத் தாளே பாடும். அப்போஜியின் பல ஸ்பீக்கர்கள் மேலிருந்து கீழ்வரை ரிப்பன். மேக்னபேன் செய்யும் மேக்னபிளேனார்கள் சிலவற்றில் ட்வீட்டர், அதாவது உச்ச ஸ்தாயியைப் பாடும் பகுதி, மட்டும் ரிப்பன்.

எலெக்ட்ரோஸ்டாட்டிக் பற்றி ஒரு எச்சரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன். இஎஸ்எல்-57-இல் பேஸ் (கீழ் ஸ்தாயி) பேனலுக்கு சுமார் 6,000 வோல்ட், ட்ரெபிள் (மேல் ஸ்தாயி) பேனலுக்கு சுமார் 1,500 வோல்ட் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னேற்றம் உள்ளே தங்கும். அதைவிடக் கொடியது, பாட்டு ஓடும்போது ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து தகடுகளுக்குப் போகும் மின்சாரம். வோல்டேஜும் அதிகம், ஆளைத் தூக்கி எறியும் அளவுக்குக் கரண்ட்டும் உண்டு. ஆகவே இந்த வகையில் பின்மூடியைக் கழற்றும் வேலை எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. உயர் வோல்டேஜில் பழகிய கை இல்லாவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள்.

வாங்கும் வீட்டிலேயே

ஸ்பீக்கர் எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான் முதலில் பாருங்கள். ஜன்னலை ஒட்டி வெயிலில் நின்றதா, ஈரம் கசியும் நிலவறையில் கிடந்ததா? காந்த பிளேனாரில் கம்பியைப் பிடித்திருக்கும் பசைக்கு வெயிலும் ஈரமும் இரண்டு எமன்கள். இருபது வருடம் வரவேற்பறையின் உள்பக்கச் சுவரோரம் நின்ற ஜோடி, பத்து வருடம் ஜன்னலோரம் நின்ற ஜோடியைவிடப் பல மடங்கு நல்லது.

அப்புறம் உங்களுக்கு மனப்பாடமான ஒரு தனிக்குரல் பதிவைக் கொண்டுபோய்ப் போடுங்கள். பின்னணியில் தம்புரா இல்லாத பதிவாக இருக்கட்டும். தம்புராவின் ஜீவாளி நூல் தருவதே ஒரு ரீங்காரம். ஸ்பீக்கரில் ஏதாவது ரீங்கரித்தால் அது அதற்குள் ஒளிந்துகொள்ளும். குரல் முடிந்ததும் மிருதங்கத் தனி ஆவர்த்தனம். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் இடப்பக்க முகத்தில், விழும் அடிதான் பேஸ் பகுதியை நன்றாக உலுக்கும். இரண்டு ஸ்பீக்கரையும் தனித்தனியாகக் கேளுங்கள், பேலன்ஸ் குமிழை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் போதும். எலெக்ட்ரோஸ்டாட்டிக் என்றால் நீங்கள் வருவதற்கு முந்தின நாளே பிளக்கில் செருகி வைக்கும்படி விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

வண்டியில் ஏற்றும்போது நீளவாக்கில், ஓரத்தின் மேல் நிற்கும்படி வையுங்கள். முகம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து அதன் மேல் இன்னொரு சாமானை வைத்தால், வீட்டுக்கு வந்து சேர்வது வேறு ஸ்பீக்கர்.

ஒரு பக்கம் சத்தமே இல்லை

காந்த பிளேனார் ஒரு ஜோடி வாங்கிய நண்பர் இரவு பத்து மணிக்கு போன் செய்தார். "அண்ணே, இடது பக்கம் செத்துப்போச்சுண்ணே. காசு போச்சு." நான் கேட்டது ஒன்றுதான்: "ஆம்ப் பக்கம் ஒயரை மாத்திப் பார்த்தீங்களா?"

அதுதான் முதல் சோதனை. ஆம்ப்பை அணைத்து, இடது ஒயரையும் வலது ஒயரையும் ஆம்ப் முனையில் மாற்றிச் செருகுங்கள். இப்போது சத்தமில்லாமை வலது பக்கம் போனால் ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ கோளாறு, ஸ்பீக்கர் நிரபராதி. இடதிலேயே நின்றால் அடுத்தது அந்த ஒயர், அதையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால் ஸ்பீக்கரின் பின்பக்கம் போங்கள்.

நண்பர் வீட்டில் அது இடதிலேயே நின்றது. மறுநாள் போய்ப் பார்த்தேன். ஃபியூஸ் எரிந்திருக்கவில்லை, கண்ணாடிக்குள் இழை முழுசாக இருந்தது. ஆனால் அதைப் பிடித்திருந்த பித்தளைக் கவ்வி கறுத்துப் போயிருந்தது, வெகுநாள் புழங்காத குத்துவிளக்கின் அடிப்பகுதி போல. ஃபியூஸை எடுத்து, கவ்வியை மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்து, அதே அளவில் புது ஃபியூஸ் போட்டதும் பாட்டு வந்தது. ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள், மல்டிமீட்டரில் பாருங்கள், கவ்வியையும் சேர்த்து. உப்புத்தாளில் தேய்த்த தூளைத் துணியால் துடைத்துவிடுங்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் ஃபியூஸையோ ஈயத்தாளையோ வைக்கவே கூடாது. ஃபியூஸ் இருப்பதே கம்பியும் ட்வீட்டரும் எரியாமல் காக்கத்தான். ட்வீட்டர் எரிந்தால் அதைக் கடையில் வாங்க முடியாது.

ஃபியூஸ் சரியாக இருந்தும் பாடவில்லை என்றால், ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் ஓம் அளவு (மின்தடை) பாருங்கள். காந்த பிளேனாரில் சில ஓம் காட்ட வேண்டும். எத்தனை என்பதைவிட இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே முக்கியம். ஒன்றும் காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பல மாடல்களில் அலுமினியக் கம்பி, அது பெரும்பாலும் முனையோடு சேரும் இடத்தில்தான் அரித்து அறும். ட்வீட்டருக்கு முன்னால், மீட்டரின் மின்சாரத்தைத் தடுக்கும் கெபாசிட்டர் இருப்பதால் மீட்டர் காட்டுவது பேஸ் கம்பியை மட்டுமே. ட்வீட்டரை அதன் சொந்த முனையில் தனியாக அளக்க வேண்டும்.

எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, "ஷார்ட் ஆகியிருக்கிறது" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அங்கே மீட்டர் பார்ப்பது ட்ரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றை. அது பூஜ்யத்துக்கு அருகில்தான் காட்டும், அது கோளாறே இல்லை. ஸ்பீக்கர் முனையில் சின்ன பேட்டரியைத் தொட்டு டிக் சத்தம் கேட்கிற பழைய பழக்கத்தையும் இதில் செய்யாதீர்கள். பேட்டரியை எடுக்கும் நொடியில் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறும்.

ஒரு பக்கம் மெலிந்து ஒலிக்கிறது, அல்லது மெதுவாக எழுகிறது

இது எலெக்ட்ரோஸ்டாட்டிக்கின் தனி அடையாளம். பிளக்கில் செருகி உடனே பாட்டு போட்டால் தூரத்து ரேடியோ போலக் கேட்கும், நேரம் போகப் போக நிமிரும். படலத்துக்கு மின்னேற்றம் மிகப் பெரிய மின்தடை வழியாக மெதுவாகத்தான் போய்ச் சேரும். வருடக்கணக்கில் மூலையில் கிடந்த ஜோடி என்றால் ஒரு ராத்திரி முழுக்கப் பிளக்கில் விட்டுவிட்டு மறுநாள் காலையில் கேட்டு முடிவெடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஒரு எலெக்ட்ரோஸ்டாட்டிக்கைப் பற்றித் தீர்ப்பு சொல்வது அநியாயம்.

மறுநாளும் ஒரு பக்கம் மெலிவாகவே இருந்தால், மூடியைத் திறக்காமலே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு ஸ்பீக்கரின் மின் பிளக்கையும் ஒரே நேரத்தில் பிடுங்குங்கள். ஏறிய மின்னேற்றத்தில் இரண்டும் தொடர்ந்து பாடும். ஒன்று நிமிடக்கணக்கில் பாடி, மற்றது சட்டென்று அடங்கினால், அடங்கிய பக்கத்தில் மின்னேற்றம் எங்கோ கசிகிறது. தூசியோ ஈரமோ வயதான பேனலோ காரணம். இரண்டும் சமமாக நின்று பாடுகின்றன, ஆனால் ஒன்று தொடக்கத்திலிருந்தே மெலிவு என்றால், உயர் வோல்டேஜ் தயாரிக்கும் சப்ளைப் பகுதியின் மேல் சந்தேகம். இஎஸ்எல்-57-இல் அந்தப் பகுதி வயதாகித் தளர்வது சகஜம். அதை மாற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பேனலைவிட மலிவு. விற்பவரிடம் பேரம் பேசும்போது இந்த வித்தியாசம் கையில் இருக்கட்டும்.

பேஸே இல்லை

பிளேனார் வாங்கியவர்களின் முதல் புகார் இதுதான். இதில் ஸ்பீக்கருக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள்தான் அதிகம்.

முதலில் ஒயரின் சிவப்பும் கறுப்பும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ பதிவு ஒன்றைப் போட்டு நடுவில் உட்காருங்கள். குரல் நடுவில் ஒரே புள்ளியில் நின்றால் சரி. தலையைச் சுற்றி எங்கெங்கோ கலைந்து கேட்டால் ஒரு பக்க ஒயரைத் திருப்பிப் போடுங்கள். பழைய ஸ்பீக்கர்களில் முந்தைய சொந்தக்காரர் உள்ளேயே மாற்றி வைத்திருக்கலாம், ஆகவே ஒயரின் நிறத்தை நம்பாமல் காதை நம்புங்கள்.

அடுத்தது சுவர். பிளேனார் முன்னாலும் பின்னாலும் ஒரே அளவு பாடும், ஆனால் எதிரெதிர்க் கட்டத்தில். முன்னால் படலம் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து முன் ஒலியோடு சேரும். எங்கே கூடும், எங்கே அழியும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் உள்ள தூரம். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தால் திரும்பி வரும் ஒலிக்கு 2 மீட்டர் கூடுதல் பயணம், சுமார் 6 மில்லி நொடி தாமதம். அப்போது 86 ஹெர்ட்ஸ் சுற்றிக் கூடும், 172 ஹெர்ட்ஸ் சுற்றி அழியும். அரை மீட்டரில் வைத்தால் இரண்டும் இரு மடங்காகும்: 172-இல் கூடும், 343-இல் அழியும். அதாவது சுவரோடு ஒட்டி வைக்க வைக்க, வலு சேர வேண்டிய இடம் பேஸிலிருந்து நகர்ந்து குரலுக்குள் போய்விடுகிறது. பெட்டி ஸ்பீக்கரில் பேஸ் வேண்டுமென்றால் சுவர்ப் பக்கம் தள்ளுவோம். இதில் அந்தப் பழக்கத்தை மறந்துவிட வேண்டும்.

என் அறையில் 60 சென்டிமீட்டரில் மிருதங்கத் தொப்பி அட்டைப் பெட்டியைத் தட்டியது போல இருந்தது. பத்துப் பத்து சென்டிமீட்டராக முன்னால் இழுத்து, ஒவ்வொரு முறையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, அதே ஆவர்த்தனத்தைத் திரும்பக் கேட்டேன். 1.1 மீட்டரில் தொப்பிக்கு உடம்பு வந்தது. உங்கள் அறையில் அது 90-ஆகவோ 140-ஆகவோ இருக்கலாம், ஆனால் ஒட்டிய சுவரில் இருக்காது. நீங்கள் உட்காரும் இடத்தையும் முன்பின் நகர்த்துங்கள். அறையின் நடுவில் நாற்காலி இருந்தால் பேஸ் தொலைந்துபோவது எந்த ஸ்பீக்கரிலும் உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் கல்யாண மண்டபத்துத் தவில் மார்பில் இடிக்கவில்லை என்றால், அது கோளாறு இல்லை. முன்னொலியும் பின்னொலியும் ஓரம் வழியாகச் சந்தித்து அழிவதால், பேனலின் அகலத்துக்கு ஏற்றபடி கீழ் ஸ்தாயி சரிந்துகொண்டே போகும். அது இந்த வடிவத்தின் இயல்பு. அந்த இடி வேண்டுமானால் பேஸ் மட்டும் பாடும் சப்வூஃபர் ஒன்றைத் தனியாக வையுங்கள்.

கிர்ர் என்று அதிர்கிறது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகலாம்.

போனிலோ கணினியிலோ 30 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றைச் சுரத்தைச் சன்னமான ஒலியில் ஓட விடுங்கள். அதிரும் இடம் வந்ததும் நிறுத்தி, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே சுரத்தைத் தொடர்ந்து வையுங்கள். இப்போது ஸ்பீக்கரை விட்டுவிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். ஜன்னல் கண்ணாடி, சாமி படத்தின் சட்டம், ஏசியின் பிளாஸ்டிக் மூடி, அலமாரிக் கண்ணாடிக் கதவு என ஒவ்வொன்றின் மேலும் கையை வையுங்கள். கை வைத்ததும் நின்றால் முடிந்தது கதை. பிறகு ஸ்பீக்கரின் கால் போல்ட், மரப்பட்டை ஸ்க்ரூ, பின் தகடு. இவற்றை இறுக்கினாலே பாதிக் கிர்ர்கள் காணாமல் போகும்.

அப்படியும் பேனலுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று உறுதியானால், காந்த பிளேனாரில் பெரும்பாலும் கம்பி படலத்திலிருந்து ஒட்டு விட்டிருக்கும். நான் ஒரு ஜோடியில் இதைச் செய்திருக்கிறேன், அது பல வருடம் தெற்கு ஜன்னலோரம் நின்றது. துணியுறையைக் கழற்றி, அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது ஒட்டிய கம்பிகள் எல்லாம் படலத்தோடு படிந்து தெரிந்தன. கீழ் வளைவில் ஒரே ஒரு கம்பி மட்டும் ஒரு சாண் நீளத்துக்குத் தன் நிழலைப் படலத்தின் மேல் விழவிட்டு நின்றது. அடியில் பழைய பசை மஞ்சளித்து, காய்ந்த கஞ்சி போலப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. 92 ஹெர்ட்ஸ் சுரத்தை ஓட விட்டு, ஓவியத் தூரிகையின் மரமுனையால் அந்தக் கம்பியை மெல்லத் தொட்டேன். கிர்ர் நின்றது. எடுத்தேன், திரும்ப வந்தது. அந்த நொடிக்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒட்டும் முறை இது. ஸ்பீக்கரை இரண்டு ஸ்டூல் மேல் ஜமுக்காளம் விரித்துப் படுக்க வையுங்கள். துணியுறை வரிசையாக ஸ்டேப்பிள் ஊசிகளால் அடித்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணிக்கொள்ளுங்கள், ஒன்றுகூட உள்ளே விழக்கூடாது. உள்ளே முழுக்கக் காந்தம். இரும்பு ஸ்க்ரூ டிரைவரைப் பேனலுக்கு மேலே பிடித்தால் அது உங்கள் கையிலிருந்து பாய்ந்து படலத்தைக் குத்திக்கொண்டு போய் ஒட்டும். உறை கழன்ற பிறகு பக்கத்தில் மரக்குச்சி, பிளாஸ்டிக், தூரிகை தவிர எதுவும் இருக்கக் கூடாது. கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

பழைய பசைப்பொடியை மென்தூரிகையால் தட்டி எடுங்கள். மிச்சத்தைக் காது குடையும் பஞ்சில் துளி அசிட்டோன் தொட்டு, அந்த இடத்தில் மட்டும் துடையுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அடுப்போ ஊதுபத்தியோ எரியக் கூடாது. காய்ந்ததும் புதுப் பசை. இந்த வேலையில் கைப்பழக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் எடுப்பது த்ரீஎம் ஃபாஸ்ட்பாண்ட் 30என்எஃப், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வகை. காய்ந்த பிறகும் வளையும், அதுதான் வேண்டும். சூப்பர் குளூ, எம்-சீல் இரண்டையும் கிட்டவே கொண்டுவராதீர்கள். அவை கல்லாக இறுகும், அசையும் படலத்தில் விரிசல் விடும். கம்பியின் அடியிலும் மேலேயும் மெல்லிய பூச்சு, ஐஸ் குச்சியால் மெல்ல அழுத்தல், ஒரு முழு நாள் காய விடுதல், மறுநாள் இன்னொரு பூச்சு. பசையை அள்ளி அப்பினால் படலத்தின் எடை கூடும், ஒலி மந்தமாகும்.

ஒரு சாண் என்றால் இப்படி ஒட்டலாம். பேனல் முழுக்க விட்டிருந்தால் அது பல வாரக் கால வேலை. மேக்னபேன் போன்ற இடத்தில் பழைய மாடல்களைப் பழுதுபார்த்துத் தரும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அனுப்பும் செலவோடு கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் கிர்ர் கேட்டால், பேனலுக்கு முன்பின் போர்த்தியிருக்கும் தூசிப் படலம் கிழிந்திருக்கிறதா என்பதுதான் முதல் சந்தேகம். அப்போஜியில் ரிப்பன் ஓரத்தைத் தாங்கும் ஃபோம் வயதாகிப் பொடிந்திருக்கும். இரண்டுமே தெரிந்தவர் கைக்குப் போக வேண்டியவை.

உச்ச ஸ்தாயி மங்கல்

முதலில் உட்காரும் உயரம். குவாட் இஎஸ்எல்-57 குட்டையான கால்களில், முகம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். நின்றுகொண்டு கேட்டால் ஜால்ரா காணாமல் போகும், உட்கார்ந்தால் வரும். தாழ்வான ஸ்டாண்டு ஒன்றின் மேல் ஏற்றிச் சாய்வைக் குறைத்துப் பாருங்கள், பலருக்கு அதோடு குறை தீர்ந்திருக்கிறது. காந்த பிளேனார் என்றால், ட்வீட்டருக்கென்று தனி ஃபியூஸ் உள்ள மாடலில் அந்த ஃபியூஸைப் பாருங்கள். அது போனாலும் பேஸ் பாடிக்கொண்டிருப்பதால் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதே இல்லை. சில மாடல்களில் ட்வீட்டரைத் தணிக்க ஒரு ரெசிஸ்டர் மாட்டும் இடம் உண்டு, முந்தைய சொந்தக்காரர் மாட்டியதை எடுக்க மறந்திருக்கலாம். ரிப்பன் ட்வீட்டரைச் சோதிக்கும்போது விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், வேக்குவம் கிளீனரை அதன் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அந்தத் தாள் இழுபட்டால் திரும்பச் சுருங்காது.

சடசடப்பு, சீறல், டிக் டிக்

எலெக்ட்ரோஸ்டாட்டிக் மட்டும். மழைக்காலத்தில் அல்லது ஈரமான நாளில் மெல்லிய சீறலோ அவ்வப்போது டிக் என்றோ வந்து, ஏசி ஓடிய சில மணி நேரத்தில் மறைந்தால், ஈரத்தில் மின்னேற்றம் கசிகிறது. அறையை உலர்வாக வைத்துக் கவனியுங்கள். மின்னேறிய படலம் காந்தம் போலத் தூசியை இழுக்கும். மார்ட்டின் லோகன் போலத் திறந்த பேனல் என்றால், முந்தின இரவே பிளக்கைப் பிடுங்கி வைத்து, மறுநாள் மென்தூரிகை மாட்டிய வேக்குவம் கிளீனரால் மேலோட்டமாக இழுக்கலாம். குவாட்டில் இதைச் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் தூசிப் படலம் கிழிந்துவிடும்.

சத்தம் கூட்டும்போது மட்டும் சடார் என்று வெடித்து, இருட்டில் பார்த்தால் நீலப்பொறி தெரிந்து, மின்னல் அடித்த பின் வரும் மணம் போல ஒரு மணமும் வந்தால், உடனே அணையுங்கள். பேனலுக்குள் தீப்பொறி பாய்கிறது. ஒவ்வொரு பொறியும் படலத்தில் ஒரு துளை. இஎஸ்எல்-57 தாங்குவது உச்சத்தில் 33 வோல்ட்தான். கணக்குப் போட்டால் 8 ஓமில் சுமார் 68 வாட் கொடுக்கும் ஆம்ப்பே அந்த எல்லையைத் தொடும். அந்தக் காலத்தில் அதோடு ஜோடி சேர்ந்த குவாட் டூ வால்வ் ஆம்ப் வெறும் 15 வாட். 200 வாட் ஆம்ப்பை மாட்டிவிட்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லக் கூடாது. இஎஸ்எல்-63-இல் பொறி பாய்வதை உணர்ந்து ஒலியை வெட்டும் காப்புச் சுற்று உண்டு. அதில் சத்தம் கூட்டும்போது விட்டு விட்டு ஒலி நின்றால், அந்தச் சுற்று வேலை செய்கிறது என்று பொருள். அதை யாராவது துண்டித்துவிடலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள்.

ஆம்ப் சூடாகி அணைந்துவிடுகிறது

இங்கே ஸ்பீக்கரும் சரி, ஆம்ப்பும் சரி, ஜோடிப் பொருத்தம்தான் சரியில்லை. மேக்னபிளேனார் பெரும்பாலும் 4 ஓம், ஏறக்குறைய சுத்தமான மின்தடை, ஆகவே ஆம்ப்புக்குக் குழப்பம் தராது. ஆனால் திறன் குறைவு, கரண்ட்டைக் கொட்டிக் கொடுத்தால்தான் பாடும். 4 ஓமில் வாட் கணக்கு ஏறக்குறைய இரட்டிக்கும் ஆம்ப்பாகப் பாருங்கள். இஎஸ்எல்-57 வேறு மாதிரி. கீழ் ஸ்தாயியில் முப்பது ஓமைத் தொடுவது உச்ச ஸ்தாயியில் 2 ஓமுக்கும் கீழே இறங்கும். அப்போஜி சிண்டில்லா 1 ஓம் வரை இறங்குவதற்குப் பேர்போனது. சாதாரண ஹோம் தியேட்டர் ரிசீவர் எதுவும் அதை இழுக்காது.

பாடுபவர் நடுவில் நிற்கவில்லை

பல காந்த பிளேனார்களில் ட்வீட்டர் பேனலின் ஒரு ஓரத்தில் இருக்கும், இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம் போல. இரண்டு ட்வீட்டரும் உள்பக்கம், அல்லது இரண்டும் வெளிப்பக்கம். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று மாற்றி வைத்தால் குரல் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு அமைப்பையும் ஒரு வாரம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என் அறையில் உள்பக்கம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு டேப்பை எடுத்து உங்கள் நாற்காலியிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளங்கள். இந்த வகை ஸ்பீக்கரில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசமும் காதில் தெரியும். பின்சுவரில் ஒரு பக்கம் புத்தக அலமாரி, மறுபக்கம் வெறும் கண்ணாடி என்றாலும் இழுக்கும். கண்ணாடிக்குத் திரை போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கொண்டுவரும்போது

காந்த பிளேனாருக்கு மின்சாரப் பிரச்சினை இல்லை, பிளக்கே கிடையாது. எலெக்ட்ரோஸ்டாட்டிக்கைச் செருகுவதற்கு முன் பின்னால் என்ன வோல்டேஜ் என்று எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அமெரிக்காவில் விற்ற ஜோடி 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230-இல் நேராகச் செருகினால் உயர் வோல்டேஜ் சப்ளை அந்த நிமிடமே போகும். வோல்டேஜ் மாற்றும் வசதி உள்ளே இருந்தால் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இவை இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான், சின்னதே போதும்.

சென்னை, தூத்துக்குடி போலக் கடலோரம் என்றால், கடல் காற்று நேராக வரும் ஜன்னலுக்கு எதிரே நிறுத்தாதீர்கள். உப்பு ஈரம் அலுமினியக் கம்பியின் முனையையும் ஃபியூஸ் கவ்வியையும் முதலில் தின்னும். பெட்டியைப் பிரித்த அன்றே பாட்டு போட ஆசையாகத்தான் இருக்கும். இரண்டு நாள் ஏசி அறையில் உறையோடு சும்மா நிற்கட்டும். மூன்றாம் நாள் செருகி, ஓர் இரவு இசையில்லாமல் மின்னேற விட்டு, மறுநாள் காலையில் சன்னமாக ஒரு வீணையிலிருந்து தொடங்குங்கள்.